கயிறு தராமல் விற்ற கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ராஜகுரு தம்பியிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை ஆன் பண்ணினால் எங்கள் ஆனையூரில் உள்ள தெருவிளக்கெல்லாம் ஒரு தரம் கண்ணை மூடித் திறக்கும். விளையாட்டுக்கென்றே செய்த கம்ப்யூட்டர். அது வந்த காலத்தில் ராஜா, இப்போது கிழடு. உள்ளே இருக்கிற காற்றாடிகள் எல்லாம் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் எதிர்வீட்டுப் பெரியவர் சங்கிலி வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். அவனியாபுரம் பக்கம் இறங்க வேண்டிய விமானம் வழி தவறி இங்கே வந்துவிட்டதென்று அவருக்கு நினைப்பு. ஒரு நாள் துண்டை எடுத்து வீசி, தெற்கே போகச் சொல்லி வழிகூடக் காட்டினார்.

சூடும் அப்படித்தான். ஐப்பசி அடைமழையில் கூழ்வத்தல் காயவில்லையென்று என் வீட்டுக்காரி முத்துத்தாய் தாம்பாளத்தோடு மாடிக்குப் போனாள். கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் வருகிற காற்றில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வத்தல் காய்ந்தது மட்டுமில்லை, ஓரத்தில் இருந்ததெல்லாம் பொரிந்தும் இருந்தது. எண்ணெய் மிச்சம்.

நான் பேயாண்டி. தலை நரைக்கிற வரைக்கும் மாட்டுத் தரகு பார்த்தவன். தரகில் பொய் சொல்லக் கூடாது. உண்மையைக் கொஞ்சம் இழுத்து நீட்டிக்கொள்ளலாம், அதற்குத்தான் தரகுக் கூலியே தருகிறார்கள். ஆகவே இதில் உள்ளது அத்தனையும் உண்மை. நீளத்தை மட்டும் கண்டுகொள்ள வேண்டாம்.

ராஜகுரு தம்பி சௌராஷ்டிரக் குடும்பம். டவுனுக்குள் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அவ்வளவு கூச்சம் உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் ‘நிப்பாட்டுங்க’ என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வேறு யாராவது இறங்குகிற ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவார். ஒரு தரம் யாருமே இறங்கவில்லையென்று அலங்காநல்லூர் வரைக்கும் போய்விட்டு வந்தார்.

அந்த மனிதர்தான் சாயங்காலம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஆளே வேறு. நாலு பேர் சேர்ந்து ஒரு தீவில் இறங்கித் துப்பாக்கியோடு அலைகிற ஆட்டம். எதிராளிகளும் நாலு நாலு பேராக வருவார்கள். கடைசி வரை உயிரோடு இருக்கிற கூட்டம் ஜெயிக்கும். இந்த நாலு பேருக்கு ராஜகுருதான் கேப்டன். “டேய் சுடலை, அந்த மேட்டுக்குப் பின்னால ஒருத்தன் படுத்திருக்கான்டா, கண்ணு தெரியலையா?” என்று அவர் போடுகிற சத்தத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் இருந்து காரை உதிரும்.

சுடலை தூத்துக்குடி உப்பளத்தில் சூப்பர்வைசர். இன்னொருவர் மஸ்கட். மற்றொருவர் ஓசூர். வருசக் கணக்காக ஒன்றாக விளையாடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எவ்வளவு தூரத்தில் எதிரி பதுங்கிக் கிடந்தாலும் ராஜகுரு கண்ணுக்குத் தப்பாது. அதனால் அந்தக் கூட்டத்தில் அவருக்குப் பெயர் கழுகு அண்ணன்.

கழுகுக்கு இறக்கை முறிகிற நேரம் வந்தது. ஆட்டத்தைப் புதுப்பித்துப் புது சீசன் என்று விட்டார்கள். ராஜகுரு அதை இறக்கி ஓட்டிப் பார்த்தார். படம் ஒரு அடி நகர்ந்து நின்றது. பிறகு இன்னொரு அடி. சேற்றில் இறங்கிய கிழட்டு எருமை மாதிரி நின்று நின்று வந்தது.

சத்தமே வரவில்லையே என்று நான் மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன தம்பி, தொறந்தே கெடக்கு?”

“கிராபிக்ஸ் கார்டு மாத்தலாமான்னு பாக்குறேங்கய்யா. படத்த வரையிறது அதான்.”

“மாத்திர வேண்டியதான?”

“கடையில கேட்டேன். கார்டு மாத்துனா பவர் சப்ளை தாங்காதுங்கிறான். அத மாத்துனா போர்டு பழசுங்கிறான். போர்ட மாத்துனா மத்தது எதுவும் அதுல உக்காராதுங்கிறான்.”

“அப்ப பழசுல மிச்சம் என்னதான் இருக்கும்?”

“டப்பா.”

“அப்ப வித்துப்புடுங்க. வித்த காசோட கொஞ்சம் போட்டுப் புதுசு வாங்குங்க.”

“விக்கலாம்…” என்று இழுத்தார். “ஆனா நல்லாத்தாங்கய்யா இருக்கு.”

அடுப்படியில் இருந்து அவர் மனைவி ரம்யாஸ்ரீ குரல் கொடுத்தது. “ஐயா, நீங்களாச்சும் கேளுங்க. காலைல பல்லு வெளக்கும்போது மாத்துறேன்னாரு. சட்டை போடும்போது விக்கிறேன்னாரு. பட்டன் போட்டு முடிக்கிறதுக்குள்ள மறுபடியும் மாத்துறேன்னுட்டாரு. ஒரு பட்டன் மாத்திப் போட்டுட்டுத்தான் ஆபீஸே போனாரு.”

அதற்கு ராஜகுரு தங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சொன்னார். அந்தப் பிள்ளையும் அதே பாஷையில் பதில் சொன்னது. எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனால் புருசன் பெண்டாட்டி பேச்சில் யார் தோற்றார்கள் என்று தெரிய பாஷை எதற்கு? தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது போன் ஸ்பீக்கரில் சுடலை கூப்பிட்டான்.

“அண்ணே, என்னாச்சு? வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு புது சீசன் போட்டிக்கு செலக்சன் ஆட்டம். மிசின் ரெடி பண்ணிட்டியளா?”

“பண்ணிக்கிட்டே இருக்கேன்டா.”

“ஒரு மாசமா இதையேதான சொல்லுதிய. கோவிச்சுக்கிடாதிய அண்ணே, கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ் பய வாரேன்னு நிக்கான். நம்ம பயலுவ அவனச் சேத்துக்கிடலாம்னு சொல்லுதானுவ. நாந்தான் வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்கலேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“சரிடா,” என்று சொல்லிவிட்டு ராஜகுரு போனை வைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார். “ஐயா, ஆபீஸ்ல நான் சாரு. எங்கப்பா வீட்டுக்குப் போனா அவருக்கு நான் இன்னும் சின்னப் பையன். என்னைய அண்ணேன்னு கூப்புடுறதுக்கு இந்த மூணு பேர விட்டா ஆளில்ல.”

அதன் பிறகு அந்த மனிதருக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். கடைக்குப் போகிறேன் என்று வண்டியை எடுப்பார். கார்டு வாங்காமல் தூசி தட்டுகிற பிரஷ் ஒன்றோடு திரும்பி வருவார். மறுநாள் போய் ஒரே ஒரு ஸ்க்ரூ வாங்கி வந்தார். உட்கார்ந்தால் கால் ஆடும். அவர் மாடியில் காலாட்டுகிற வேகத்தில் கீழே எங்கள் வீட்டு ஃபேன் கரண்டு இல்லாமலே சுற்றியது. முத்துத்தாய்க்கு அதில் வருத்தமில்லை, மாசக் கடைசியில் பில் குறையும் என்று பார்த்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. விற்கவா வேண்டாமா என்று ஒருத்தன் நிற்பதைப் பார்த்தால் தரகன் கை அரிக்கும். அரிப்பு என்றால் சாதாரண அரிப்பு இல்லை. முத்துத்தாய் வேப்பெண்ணெய் தடவிவிட்டாள்.

டி. கல்லுப்பட்டிக்குப் போன் போட்டேன். பேச்சிமுத்து என்று எனக்கு மாப்பிள்ளை முறையில் ஒருத்தன் அங்கே ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். அவன் கம்ப்யூட்டர் போன முகூர்த்தத்தோடு படுத்துவிட்டதாகக் கேள்வி.

“மாப்ள, ஒண்ணு இருக்கு. சுழி சுத்தம், ஒரு குத்தம் சொல்ல முடியாது. தீனி மட்டும் கொஞ்சம் அதிகம், கரண்டு.”

“ஓடுற உருப்படியா மாமா?”

“அது ஓடுனா எங்க ஏரியாவே அதிரும்டா.”

புதன்கிழமை காலையில் பைக்கில் வந்து இறங்கினான். வந்தவன் முதலில் கம்ப்யூட்டரை ஒரு சுற்று சுற்றி வந்தான். குனிந்து அதன் பின்பக்கப் பொந்துகளைப் பல் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நெற்றியில் தட்டினான். ஆன் பண்ணச் சொன்னான். விளக்கு மங்கி எரிந்தது. எதிரே சங்கிலி துண்டோடு வெளியே வந்தார். மாப்பிள்ளைக்குத் திருப்தி.

“கார்டு நான் ஏற்கெனவே புதுசு வாங்கி வச்சிருக்கேன் மாமா, கரண்டு கம்மியா இழுக்குறது, இந்தப் பவர் சப்ளையே தாங்கும். இதுல போட்டா வீடியோ வேலைக்குப் பிரமாதமா ஓடும். வெலைய மட்டும் பேசிருவோம்.”

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வது மரியாதை இல்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்குள் போகும். விரல்தான் பேசும். எத்தனை விரலை நீட்டித் தொடுகிறோமோ அத்தனை ஆயிரம். பிடிக்கவில்லையென்றால் கையை உதற வேண்டும். மடக்கி மூடினால் ‘சரி, முடிந்தது’. இதை நான் ராஜகுரு தம்பிக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று ரம்யாஸ்ரீ பிற்பாடு சொன்னது. இதெல்லாம் தெரியாமல் மதுரை ஜில்லாவில் ஒரு ஆம்பளை இருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இருவர் கையையும் பிடித்துத் துண்டுக்குள் விட்டேன். பேச்சிமுத்து வழக்கம்போல ரொம்பக் கீழே இருந்து ஆரம்பித்தான். அது முறை. அதைக் கேட்டுக் கையை உதறி, பத்து நிமிசம் விரல் சண்டை போட்டு, நடுவில் வந்து நிற்பார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தன் துண்டுக்கடியில் விரலைத் தடவியதும் ராஜகுரு தம்பிக்கு வேர்த்துவிட்டது. கூச்சத்தில் கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

“முடிஞ்சுச்சு!” என்றான் பேச்சிமுத்து. அவனுக்கே நம்ப முடியவில்லை.

“என்ன முடிஞ்சுச்சு?” என்றார் ராஜகுரு.

“வெலை.”

“எம்புட்டு?”

நான் அவர் காதில் சொன்னேன். அந்தத் தொகைக்குப் புதுக் கம்ப்யூட்டர் இல்லை, அதன் பெட்டிகூட வராது. அவர் “நான் வேணும்னா…” என்று வாயைத் திறந்தார். வந்தவன் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் ‘நிப்பாட்டுங்க’ என்று சொல்ல முடியாத மனிதர், முடிந்துபோன விலையை எப்படி நிப்பாட்டுவார்? மொட்டை மாடிப் படியில் ஏறிப் போய் அங்கே நின்றுகொண்டார்.

பேச்சிமுத்து வண்டியைத் திருப்பிப் போடக் கீழே இறங்கினான். போகிறபோது நான் ஒன்று சொன்னேன், இதற்கு முத்துத்தாயே சாட்சி.

“மாப்ள, உருப்படிதான் ஒனக்கு. கயிறு தர மாட்டேன். தெரியும்ல?”

“அது தெரியாதா மாமா? நான் புதுக் கயிறு கொண்டாந்திருக்கேன்,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

மாடு விற்கிறவன் கயிற்றைக் கொடுக்க மாட்டான். கயிற்றோடு போனால் வீட்டு லட்சுமியும் பின்னாலேயே போய்விடும். வாங்குகிறவன் அவன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டித்தான் ஓட்டிப் போக வேண்டும். என் காலத்தில் நூற்றுக் கணக்கில் மாடு கைமாற்றிவிட்டிருக்கிறேன். ஒரு முழக் கயிறு தாண்டியதில்லை. அவனியாபுரத்துக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் கயிற்றோடு கொடுத்தார். மாடு போய், அதன் பின்னால் தொட்டி போய், கொட்டகை போய், கடைசியில் அவரே மாடு வாங்கியவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதனால் நான் உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரின் கயிற்றை எல்லாம் அவிழ்த்தேன். சுவருக்குப் போகிறது ஒன்று. வயிற்றுக்குள் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகப் பட்டை பட்டையாக ஒரு கட்டு. மூக்குக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, காலுக்கு இரண்டு. இம்புட்டுக் கயிறு போட்டுக் கட்டி வைத்தால் அது எப்படி ஓடும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் கொக்கி விட்டு அழகாக வந்தது. தகட்டை எடுத்து மூடி ஸ்க்ரூவையும் முறுக்கினேன். ஒரு மாசமாகத் திறந்து கிடந்த வயிற்றை நான்தான் மூடினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். கயிற்றைச் சுருட்டிக் கீழே எங்கள் சாமி மாடத்துப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

பேச்சிமுத்து ஒரு மஞ்சள் நைலான் கயிற்றால் கம்ப்யூட்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனான்.

அன்றைக்கும் மறுநாளும் ராஜகுரு தம்பி பட்ட பாடு சொல்லி முடியாது. வெறும் மேஜை முன்னால் உட்காருவார். ஸ்க்ரீன் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, நடுவில் உயிர் இல்லை. இருட்டு ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே விரலால் கீபோர்டைத் தட்டுவார். எழுந்து ஜன்னலுக்குப் போவார். சுடலை போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். மணி நின்ற பிறகு எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். கடைக்குப் போய்ப் புதுசுக்கு விலை கேட்டு வந்தார். அந்த விலையைக் கேட்டதில் இருந்து கால்கூட ஆடவில்லை. எங்கள் வீட்டு ஃபேன் நின்றுவிட்டது.

“கோயம்புத்தூர் பையனச் சேத்துக்கச் சொல்லிரலாம்னு இருக்கேங்கய்யா,” என்றார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்றதுக்கு வாய் வரலை.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் பைக் சத்தம். பேச்சிமுத்து. பின்னால் அதே மஞ்சள் கயிற்றில் அதே கம்ப்யூட்டர்.

“மாமா!” என்று தெருவிலேயே ஆரம்பித்தான். “கயிறு தர மாட்டேன்னீரே, உள்ள இருக்கிற வயரையா சொன்னீரு?”

“நீதான மாப்ள, புதுக் கயிறு கொண்டாந்திருக்கேன்னு சொன்ன?”

“அது வண்டியில கட்டுறதுக்கு! என் கார்ட உள்ள போட்டுப்புட்டு ஆன் பண்ணலாம்னு பாத்தா ஒரு வயரு இல்ல. வேற வயரு மாட்டலாம்னா, இந்தப் பவர் சப்ளைக்கு அதோட வயருதான் பொருந்தும், மத்தத மாட்டுனா பொகஞ்சிரும்னு எங்கூரு மெக்கானிக்கு கையெடுத்துக் கும்புட்டுட்டான். ஞாயித்துக்கெழம வாடிப்பட்டியில ரிசப்சன். பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடுன வீடியோவ அங்க போட்டுக் காட்ட நான் முடிச்சுக் குடுக்கணும். வயரக் குடும்.”

“குடுக்க முடியாது.”

“என்ன மாமா?”

“வித்த உருப்படிக்குக் கயிறு குடுத்தா வீடு வெளங்காது. நீயும் மாடு கட்டுன சம்சாரி வீட்டுப் பிள்ளைதான? ஒங்கப்பன் குடுப்பானா?”

அவன் அப்பனும் கொடுக்க மாட்டான். அது அவனுக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு ராஜகுரு இறங்கி வந்தார். ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தார். விசயம் தெரிந்ததும் அவர் கண் ஆணியில் தொங்கிய கட்டைப் பார்த்தது, பிறகு பைக்கில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தது. “அதுல… புதுக் கார்டு இருக்குங்களா?” என்று கேட்டார்.

“இருக்கு சார். இருந்து என்ன பண்ண?”

கம்ப்யூட்டர் பேச்சிமுத்துவுடையது. கார்டு பேச்சிமுத்துவுடையது. கயிறு ராஜகுருவுடையது. ஆணி என்னுடையது. மூன்று பேரும் வாசலில் நின்றோம். வெயில் சாய்ந்தது. பேச்சிமுத்து போனில் மணி பார்ப்பான், ராஜகுரு சுவரில் மணி பார்ப்பார்.

முத்துத்தாய் உள்ளேயிருந்து முறத்தோடு வந்தாள். “என்னத்துக்கு இப்புடி மொறச்சுக்கிட்டு நிக்கிறீக? கயிறுதான வீட்டத் தாண்டக் கூடாது? மாட்டக் கயிறு இருக்கிற எடத்துக்குக் கொண்டாந்து கட்டுங்க. கட்டிட்டு ரெண்டு பேரும் வேலையப் பாருங்க.”

இதைத்தான் நான் சொல்ல இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் மாடியேறியது. ராஜகுரு கயிறுகளை ஒவ்வொன்றாகச் சொருகினார். அவசரத்தில் ஒரு கயிற்றை மூன்று தரம் தப்பாக வைத்தார். பேச்சிமுத்துவிடம் பேச்சு என்னவென்றால், ஆறு மணிக்கு இவர் ஆடிக்கொள்வது, ஆட்டம் முடிந்ததும் அவன் அங்கேயே உட்கார்ந்து கல்யாண வேலையைப் பார்ப்பது. ஆறு அடிக்கும்போது நாங்கள் அத்தனை பேரும் ராஜகுருவின் முதுகுக்குப் பின்னால் இருந்தோம். ரம்யாஸ்ரீ சுண்டல் தட்டோடு வந்து, கொடுக்க மறந்து நின்றது.

“அண்ணே! வந்துட்டியளா!” ஸ்பீக்கரில் சுடலை கத்தினான். மஸ்கட்காரர் விசில் அடித்தார்.

“வந்துட்டேன்டா. எல்லாரும் எம்பின்னாடி வாங்க. நான் பாத்துச் சொல்றேன்.” கேப்டன் குரல் வந்துவிட்டது.

நாலு பேரும் தீவில் இறங்கினார்கள். ராஜகுரு விரல் நின்றுபோனது.

“ஐயா… புல்லு.”

“என்ன தம்பி?”

“புல்லுங்கய்யா. இடுப்பு ஒசரத்துக்குப் புல்லு.”

ஸ்க்ரீன் முழுக்கப் பச்சை. காற்றுக்கு அலை அலையாகச் சாய்ந்தது. நல்ல தீவனம், நூறு மாடு கட்டலாம். “முன்னாடி கெடையாதா?” என்று கேட்டேன்.

“இங்க வெறும் பொட்டல்தாங்கய்யா. நம்ம கப்பலூர்ப் பக்கம் கோடையில கெடக்குமே, அந்த மாதிரி மண்ணு. இம்புட்டு வருசமா…”

இம்புட்டு வருசமா அவருடைய பழைய கார்டுக்குப் புல் வரையச் சீவன் இல்லை. அதனால் வரையாமல் விட்டிருக்கிறது. எதிராளிகள் இடுப்புயரப் புல்லில் பதுங்கிவிட்டோம் என்று நம்பிப் படுத்திருக்கிறார்கள். இவர் பார்வையில் அவர்கள் மொட்டைப் பொட்டலில் மல்லாந்து கிடந்திருக்கிறார்கள். கழுகுக் கண் என்று மூன்று ஊரில் பேர் வாங்கியது அந்தக் கண் இல்லை, கார்டின் வறுமை.

இதை அவர் புரிந்துகொண்டு வாயை மூடுவதற்குள் புல்லுக்குள் இருந்து ஒரு குண்டு வந்தது. கேப்டன் விழுந்தார்.



“அண்ணே,” என்றார் மஸ்கட்காரர். “செத்தது நீங்களா?”

“நாந்தான்.”

“மொத ஆளாவா?”

ரம்யாஸ்ரீ தட்டைக் கீழே வைத்துவிட்டு ராஜகுரு தோள் மேல் கையை வைத்தது. செத்தவன் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லையாம். மிச்சம் உள்ளவர்கள் கண் வழியாகப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், பேசலாம். அவர் சுடலையின் கண்ணில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் புல்.

“அண்ணே, என்ன செய்யட்டும்?” என்றான் சுடலை. “புல்லாத்தான் தெரியுது. ஒரு மண்ணும் தெரியல.”

ராஜகுரு நிமிர்ந்தார்.

“மண்ணு எனக்குத் தெரியும்டா.”

“என்னண்ணே?”

“அசையாத. ஒனக்கு இடப்பக்கம் பத்தடியில ஒரு வாய்க்கா போகுது. புல்லு மூடிக் கெடக்கு, தெரியாது. அதுக்குள்ள எறங்கு. எறங்கிட்டியா? நேரா போ. ஓசூரு, நீ நிக்கிற எடம் மேடு, ஒன் தலை எல்லாத்துக்கும் தெரியும், படு! மஸ்கட்டு, ஒனக்கு முன்னால ஒரு பாறை, அதுக்குப் பின்னால ஆள் ஒசரத்துக்கு ஒரு பள்ளம். எவனா இருந்தாலும் அங்கதான் கெடப்பான். போடு.”

மஸ்கட்காரர் போட்டார். ஒருத்தன் விழுந்தான்.

“அண்ணே! இருந்தான்ணே!”

“பொறவு? அந்தப் பள்ளம் எனக்குத் தெரியாதா? வாய்க்கா முடியிற எடத்துல ரெண்டு பேரு இருப்பான், சுடலை. முண்டம், எந்திரிக்காத! தவழ்ந்து போ!”

மற்றவர்களுக்கெல்லாம் அந்தத் தீவில் புல்தான் தெரியும். இந்த மனிதர் ஒருவர்தான் வருசக் கணக்காகப் புல்லே இல்லாமல் அதன் எலும்பைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு குழியும் அவருக்குத் தெரிந்தது. செத்த பிறகு அவர் போட்ட சத்தம் உயிரோடு இருந்தபோது போட்டதைவிடப் பெரிசு. எதிரே சங்கிலி துண்டை வீசி வீசித் தெற்கே போ என்று விமானத்துக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து ரிசப்சனை மறந்து, “போடு சார், போடு சார்” என்று என் முதுகில் அடித்தான். கடைசியில் தீவில் உயிரோடு நின்ற மூன்று பேரும் நம்ம ஆட்கள்.

கூச்சல் அடங்கியதும் சுடலை மெல்ல ஆரம்பித்தான்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியளே? அந்தக் கோயம்புத்தூர்ப் பயல ஒங்க எடத்துல ஆட விடுவோம். நீங்க வெளியில இருந்து சொல்லுங்க. இந்த சீசன்ல அப்புடி ஒரு ஆளு வச்சுக்கிடலாம்னு விதியே போட்டிருக்கான். நாங்க ஆடுறது ஒங்க போன்ல தெரியும்.”

ராஜகுரு கை மவுஸ் மேலேயே இருந்தது. “அப்ப நான் ஆட வேண்டாமா?”

“ஆடுனா மொத ஆளா செத்துல்லா போறிய. சாகுறதுக்கு எதுக்கண்ணே கம்ப்யூட்டரு?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரீனில் புல் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கேப்டன் யாரு?” என்று கேட்டார்.

“இது என்னண்ணே கேள்வி? நீங்கதான்.”

“அவன் கோயம்புத்தூர்க்காரன், மரியாதையா பேசுவான். நான் வைவேன். தாங்குவானா?”

“நாங்க தாங்கலையா?”

“சரி,” என்றார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து நாற்காலியைப் பேச்சிமுத்து பக்கம் தள்ளினார். “உக்காருங்கண்ணே. ஒங்க மிசின்தான.”

அந்த ராத்திரியே பேச்சிமுத்து வாடிப்பட்டி மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஆட விட்டு முடித்தான். மறுநாள் டவுனுக்குப் போய், சொந்தக் கயிற்றோடு வருகிற புதுப் பவர் சப்ளை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். அவன் உருப்படிக்கு அவன் கயிறு. முறை கெடவில்லை.

ராஜகுரு தம்பிக்கு இப்போது போன் போதும். அதனால் வீட்டில்தான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. போன வாரம் ஆபீஸ் விட்டு ஷேர் ஆட்டோவில் வந்தார். நானும் அதே ஆட்டோவில் இருந்தேன். காதில் ஹெட்போன். ஆனையூர் திரும்புகிற இடத்தில் திடீரென்று கத்தினார்.

“ஏய், நிப்பாட்டு! வலப்பக்கம் பள்ளத்துல ஒருத்தன் கெடக்கான்! பாருடா!”

ஆட்டோக்காரர் பிரேக் போட்டார். முன்னால் இருந்த அம்மா ‘ஐயோ’ என்று இறங்கினார். பின்னாலேயே எல்லாரும் இறங்கி ஓடினார்கள். எதிரே வந்த பஸ்ஸும் நின்றது. ராஜகுருவுக்கு இது எதுவும் தெரியாது; அவர் கோயம்புத்தூர்ப் பையனை வைதுகொண்டிருந்தார்.

நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. ஆனால் அவர் சொன்ன பக்கத்தில் முந்தின நாள் வரைக்கும் இல்லாத ஒரு பள்ளம் சரியாக இருந்தது.